இரண்டு சிங்கத்துக்கு எதிர்வீடு

வெள்ளிக்கிழமை பூசை முடிந்து பிரசாதம் சாப்பிடுகிற நேரத்தில் நமக்குள் வருகிற சண்டை உங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். டிராம் எந்த முனையில் திரும்பும், ஐஸ் கட்டி விற்ற கிட்டங்கி ஆற்றோரம் இருந்ததா ரயில் பக்கம் இருந்ததா என்று பல் போன வாய்களோடு நாம் வாதாடுவதைப் பார்த்துப் பேரப்பிள்ளைகள் பர்மியத்தில் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார்கள். போன வாரம் சண்டை சிங்கங்களைப் பற்றி வந்தது. பழைய ரங்கூனில், போட்டாதாங் பேட்டையில் ஆற்றங்கரை ரோட்டை ஒட்டி, ஒரு சின்ன புத்த மடத்தின் வாசலில் இருந்த இரண்டு சுதைச் சிங்கங்கள் எந்தப் பக்கம் பார்த்து நின்றன என்று கேட்டீர்கள். நான் அந்தத் தெருவில் இருந்தவள் என்பதால் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அன்றைக்கு யாரும் வீடு போய்ச் சேர்ந்திருக்க முடியாது. அதனால் எழுதித் தருகிறேன். கண் தெரிகிறவர்கள் மற்றவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

சிங்கங்கள் ஆற்றைப் பார்த்து நின்றன. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மற்றதில்தான் சந்தேகம் எல்லாம்.

நான் ரங்கூனுக்கு வந்தபோது எனக்கு ஆறு வயதோ ஏழு வயதோ. முன்பல் விழுந்துகொண்டிருந்த வயது. ஊரில் என் அம்மா காய்ச்சலில் இறந்துபோயிருந்தாள். அப்பா, நான் அம்மாவின் வயிற்றில் இருக்கும்போதே பர்மாவுக்குக் கப்பலேறியவர். அவர் முகம் எனக்குத் தெரியாது. அம்மா போனபின் என் மாமா கொஞ்ச காலம் வைத்துப் பார்த்துவிட்டு, என்னை அப்பாவிடம் அனுப்புவது என்று முடிவு செய்தார். கிளம்புகிற அன்று என் தலையைத் தடவி, அங்கே உன்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது, பயப்படாதே என்றார். அவர் அப்பாவைத்தான் சொல்லியிருப்பார். நானோ, அங்கே இன்னொரு அம்மா இருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு அம்மா இறந்தால் இன்னொரு அம்மா கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பாள் என்பதுதான் உலக வழக்கம் என்று நினைத்துவிட்டேன்.

எனக்குத் துணையாகப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரை மாமா பிடித்திருந்தார். மீசை இப்போதுதான் அரும்பிய ஆள். அவரும் முதல்முறையாகப் பிழைக்கப் போகிறவர். அவரை நான் கப்பல் அண்ணன் என்று கூப்பிட்டேன். அப்பாவை அவரும் பார்த்ததில்லை. அதனால் மாமா அவரிடம் வழி சொல்லி அனுப்பினார். அந்த வழி, அப்பா எப்போதோ யாரிடமோ சொல்லி, அவர் வந்து மாமாவிடம் சொன்னது. ஜெட்டியில் இறங்கி ஆற்றை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். பெரிய வாசல் ஒன்றில் இரண்டு சிங்கம் நிற்கும். அதற்கு எதிர்ச்சந்தில் போய் மேஸ்திரி வீடு என்று அப்பா பேரைச் சொல்லிக் கேட்டால் யாரும் காட்டுவார்கள். அவ்வளவுதான். இரண்டு சிங்கம் என்று கேட்டதும் மாமாவுக்கு முழுத் திருப்தி. எங்கள் ஜில்லாவில் எந்த வாசலில் சிங்கம் நிற்கிறது?

கப்பலைப் பற்றி எனக்கு அதிகம் ஞாபகமில்லை. மேல்தட்டில் படுத்திருந்தோம். யாரோ எப்போதும் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் பித்தளைச் செம்பு ஒன்றை மாமா என் கையில் கொடுத்திருந்தார். அதன் வாயில் முகத்தை வைத்து மூச்சு விட்டால் புளி வாசனை வரும். வாந்தி நாற்றத்துக்கு அதுதான் எனக்கு மருந்து. ஜெட்டியில் எங்களை ஒரு கொட்டகைக்குள் அடைத்து, கையில் அம்மை குத்தி, மழையில் வேறு ஒரு வாசல் வழியாக வெளியே விட்டார்கள். அப்பா காலையிலிருந்து முன்வாசலில் காத்து நின்றிருந்தார் என்பது பிறகு தெரிந்த விஷயம்.

வெளியே வந்ததும் கப்பல் அண்ணனுக்கு, ஆறு இடக்கைப் பக்கமா வலக்கைப் பக்கமா என்று மறந்துபோயிற்று. அவர் என்னைக் கேட்டார். எனக்கு இடக்கை எது என்றே அப்போது தெரியாது. வலக்கைப் பக்கமாக வைத்துக்கொண்டு நடந்தோம். ரோடு முழுக்கச் சரக்கு வண்டிகள். கிட்டங்கிகளிலிருந்து தவிட்டுத் தூசி கிளம்பி, மழையில் கரைந்து, எங்கள் கால்களில் கஞ்சிபோல் ஒட்டியது. கடைசியில் பார்த்தால், சொன்னதுபோலவே ஒரு வாசல், இரண்டு சிங்கம். ஒவ்வொன்றும் ஒரு வீட்டு உயரம். வாயைப் பிளந்துகொண்டு, நாக்குக்குச் சிவப்புப் பூசி. கப்பல் அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டதே எனக்கு ஞாபகம் இருக்கிறது.

எதிர்ச்சந்தின் முனையில் நம் கரைப் பக்கத்து முஸ்லிம் ஒருவர் மளிகைக்கடை வைத்திருந்தார். கடைக்கார பாய் என்றுதான் தெருவே அவரைக் கூப்பிடும். அவரிடம் கப்பல் அண்ணன் அப்பாவின் பெயரைச் சொல்லி, மேஸ்திரி வீடு எது என்று கேட்டார். அப்பாவின் பெயர் முருகனின் பெயர்களில் ஒன்று. அந்தப் பெயரில் அன்றைய ரங்கூனில் ஒரு கப்பல் நிறைய ஆள் இருந்திருப்பார்கள். பாதிப்பேர் மேஸ்திரி. பாய் யோசிக்கவே இல்லை, இதோ என்று பக்கத்தைக் காட்டினார்.

அங்கே ஒரு பர்மியப் பெண் அடுப்பின் முன்னால் உட்கார்ந்து, சுரைக்காயை நீளமாக நறுக்கி மாவில் தோய்த்து எண்ணெயில் போட்டுக்கொண்டிருந்தாள். கொண்டையில் பூ. கன்னத்தில் மஞ்சளும் வெள்ளையுமாக ஏதோ அப்பியிருந்தாள். அது தனக்கா, குளிர்ச்சிக்குப் பூசுகிற மரப்பட்டை அரைப்பு என்பது எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் ஊரில் அம்மை போட்டவர்களுக்குத்தான் முகத்தில் அரைத்துப் பூசுவார்கள். இந்த அம்மாவும் சாகப்போகிறாளோ என்று கப்பல் அண்ணனின் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

கப்பல் அண்ணன் அவளைப் பார்த்துத் திகைத்துப் போனார். ஊரில் பெண்டாட்டியை வைத்துவிட்டு மேஸ்திரி இங்கே ஒரு குடும்பம் நடத்துகிறார் என்று அவர் நினைத்துக்கொண்டார். அடுத்தவர் குடும்ப விஷயம் நமக்கெதற்கு என்று அவசர அவசரமாகப் பாயிடம் சொன்னார், இது மேஸ்திரியின் மகள், தாய் இறந்துவிட்டாள், சேர்க்கச் சொன்னார்கள், சேர்த்துவிட்டேன் என்று. பாய் அதைப் பர்மியத்தில் சொன்னார். அந்தப் பெண் கையிலிருந்த கரண்டியை எண்ணெயிலேயே விட்டுவிட்டாள். பாயை ஏதோ கேட்டாள். அவர் கடைக்குள் போய்விட்டார். கப்பல் அண்ணன் எப்போது போனார் என்று நான் கவனிக்கவில்லை.

அவள் அடுப்பை அணைத்தாள். என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்து, ஆறிப்போன சுரைக்காய்ப் பலகாரம் ஒன்றை என் கையில் வைத்தாள். நான் தின்றேன். இன்னொன்று வைத்தாள். அதையும் தின்றேன். அவள் என்னைத் தமீ என்றாள். பர்மியத்தில் மகள். அது எனக்கு அப்போது தெரியாது. ஆனால் அவள் பக்கத்துக் குழந்தைகளிடம் தன்னை அம்மே என்று காட்டிக்கொண்டது மட்டும் புரிந்தது. அம்மா, அம்மே. மாமா சொன்னது சரிதான் என்று நினைத்தேன்.

இனி நான் சொல்லப்போவதில் எது அன்றைக்கே எனக்குத் தெரிந்தது, எது பிற்பாடு அம்மேயும் பாயும் சொல்லிச் சேர்ந்துகொண்டது என்று என்னால் பிரிக்க முடியவில்லை. அம்மேயின் புருஷன் நம் தமிழர். அரிசி ஆலைகளுக்கு ஆள் கட்டும் மேஸ்திரி. அப்போது ஆட்களோடு ஆறு கடலில் கலக்கிற பக்கம் ஏதோ ஓர் ஆலைக்குப் போயிருந்தார். தனக்கு ஊரில் கலியாணம் ஆகவில்லை என்று சொல்லித்தான் அம்மேயைக் கட்டியிருந்தார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அந்த வீட்டு வாசலில்தான் நான் போய் இறங்கியிருந்தேன், அவருடைய பொய்க்குச் சாட்சி மாதிரி.

மழை விடாமல் பெய்தது. பலகை வீடு, கட்டைக் கால்மேல் நிற்கும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஆற்றுத் தண்ணீர் சந்துக்குள் ஏறி, தரைப்பலகைக்குக் கீழே சளசளவென்று பேசும். நாப்பி மீன் விழுதின் நாற்றம் முதலில் குமட்டியது. பிறகு அது இல்லாமல் சோறு இறங்கவில்லை. அம்மே எனக்கு யே என்றால் தண்ணீர், தமின் என்றால் சோறு என்று சொல்லித்தந்தாள். நான் சொல்லிக்கொடுத்த தண்ணியை அவள் கடைசிவரை தன்னி என்றுதான் சொன்னாள். எண்ணெய்க் காகிதக் குடை ஒன்று எனக்கென்று வாங்கினாள், சிவப்பில் கறுப்புப் பூ போட்டது. அதன் கீழே நின்றால் மழைச் சத்தம் மேளம் மாதிரி கேட்கும். அந்த மாதிரிக் குடையை இப்போது எந்தக் கடையிலும் காணோம்.

எங்கே போனாலும் என்னைக் கூட்டிக்கொண்டு போவாள். சந்தைக்குப் போவோம். வாசலில் இரண்டு சிங்கம் நிற்கும். டிராமில் ஏறி அவள் அக்கா வீட்டுக்குப் போவோம். அங்கேயும் ஒரு மடம், இரண்டு சிங்கம். பெரிய பகோடாவுக்குப் போவோம். மலை அடிவாரத்தில் மலைபோலவே இரண்டு. எனக்கு இது விளங்கவே இல்லை. எங்கள் வீட்டுச் சிங்கங்கள்தான் எங்களுக்கு முன்னால் ஓடிப்போய் நின்றுகொள்கின்றன என்று கடைசியில் நானே முடிவு செய்தேன். சில இடத்தில் சிறுத்தும் சில இடத்தில் பெருத்தும் தெரிவது, அவை ஓடிவந்த களைப்பினால் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். திரும்பி வரும்போது அவை மறுபடியும் எங்கள் வாசலில் நின்றதைப் பார்த்து, எனக்காகத்தான் வந்திருக்கின்றன என்று சந்தோஷப்பட்டேன்.

ஒருநாள் பகல் சோற்றுக்குப் பிறகு அம்மே தன் புருஷனின் தகரப் பெட்டியையும் ஒரு ஜோடி செருப்பையும் தூக்கி வாசல் பலகைமேல் வைத்தாள். ஆலைக்குப் போன ஆட்கள் திரும்பிவிட்டதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஒரு ஆள் சந்துக்குள் வந்தார். சிரித்துக்கொண்டேதான் வந்தார். பெட்டியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அம்மே உள்ளேயிருந்து என்னைக் கையைப் பிடித்து இழுத்துவந்து அவர் முன்னால் நிறுத்தினாள். அவள் வீட்டில் அவரோடு பர்மியம்தான் பேசுவாள். அன்றைக்குத் தமிழில் பேசினாள். பாயிடம் கேட்டுப் பல நாள் பாடம் பண்ணி வைத்திருந்தாள்.

"இது உன் மகள். உன் பெண்டாட்டி செத்துப்போச்சு. எனக்கு ஏன் சொல்லலை?"

அவர் மறுப்பார் என்று அவளும் எதிர்பார்த்திருப்பாள், எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பாயும் எதிர்பார்த்திருப்பார். அவர் மறுக்கவில்லை. அந்தத் தகரப் பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். தோள் ரெண்டும் குலுங்கியது. ஆம்பளை அழுது நான் பார்த்ததில்லை. மாமாகூட அம்மாவைத் தூக்கியபோது அழவில்லை. பிறகு என்னைப் பிடித்து இழுத்து, என் தலையைத் தன் மார்பில் வைத்து அழுத்திக்கொண்டார். உமி வாசனை அடித்தது.

ஏனென்றால், அவருக்கு உண்மையாகவே ஊரில் ஒரு பெண்டாட்டி இருந்தாள். கைக்குழந்தையாக ஒரு பெண்ணை விட்டுவிட்டுத்தான் அவரும் கப்பலேறியிருந்தார். அதன் பிறகு ஊர்ப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

என்னைக் கேள்வி கேட்டார். ஊரில் ஏரிக்கரையில் அய்யனார் இருக்கிறாரா? இருக்கிறார். மண்குதிரை நிற்கிறதா? நிற்கிறது. கோயிலுக்கு முன்னால் வேப்பமரம்? ஆமாம். அம்மா பேர் என்ன என்றார். மாமாவும் தெருவும் அம்மாவைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். அதைச் சொன்னேன். ஆமா, அவ வீட்டுக்குக் கடைசிப் பொண்ணுதானே என்று சொல்லி இன்னும் அழுதார். என் பேரையோ ஊரின் பேரையோ கேட்டாரா என்று இத்தனை வயதுக்கு மேலும் யோசித்துப் பார்க்கிறேன். கேட்டதாக ஞாபகமில்லை. மறந்திருப்பார். அல்லது கேட்கவேண்டாம் என்று இருந்திருப்பார். எந்த ஊரில்தான் அய்யனாரும் குதிரையும் இல்லை?

மறுநாள் அவர் தலையை மழித்துக்கொண்டார். என்னை ஆற்றுக்குக் கூட்டிப்போனார். சம்பான் படகுகள் கட்டிக்கிடந்த படியில் நின்று, பூசாரி சொல்லச் சொல்ல, செத்துப்போன தன் பெண்டாட்டிக்காக எள்ளும் தண்ணீரும் இறைத்தார். என் கையிலும் எள் வைத்து இறைக்கச் சொன்னார். நான் என் அம்மாவுக்காக இறைத்தேன். ஒரே எள், ஒரே தண்ணீர். அன்றைக்கு அம்மே யாரும் சொல்லாமலே மீன் சமைக்கவில்லை. தகரப் பெட்டி உள்ளே போயிற்று. ஆனால் அவரோடு அவள் பேசவில்லை. அப்பாகிட்ட சொல்லு, சோறு என்பாள். நான் சொல்வேன். அவர், சரின்னு சொல்லு என்பார். அதையும் சொல்வேன். பெரியவர்கள் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள் போலிருக்கிறது என்று இருந்தேன்.

அந்த நாட்களில் அவர் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர் முழுக்கக் காட்டினார். எந்தக் கப்பல் எந்த ஊருக்குப் போகும், சுங்கச் சாவடிக் கடிகாரம் எங்கே தெரியும், நடு ரோட்டில் நிற்கிற பொன் பகோடாவைச் சுற்றி டிராம் எப்படிப் போகிறது என்று சொல்லிக்கொண்டே நடப்பார். என்ன கேட்டாலும் வாங்கித் தந்தார். நான் எதுவும் கேட்காதபோதும் வாங்கித் தந்தார். அவரை நான் அப்பா என்று கூப்பிட்டேன். என் வாழ்க்கையில் அந்தச் சொல்லை நான் முதலில் சொன்னது அவரிடம்தான். இதை மாற்ற முடியாது.

இதற்கிடையில் கப்பல் அண்ணன், மழைக்காலத்தில் வேலை கிடைக்காமல் அலைந்து, கடைசியில் ஆற்றின் மேல்பக்கம் அலோனில் ஒரு மர ஆலையில் போய்ச் சேர்ந்திருந்தார். அங்கே மேஸ்திரி அவருடைய ஊரைக் கேட்டார். சொன்னதும், அந்தப் பக்கத்திலிருந்து என் மகள் வரவேண்டியிருந்தது, அனுப்பாமல் இருந்துவிட்டார்கள், கப்பலில் போன ஆளிடம் கேட்டு அனுப்பியிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை என்றாராம். கப்பல் அண்ணனுக்குக் குழப்பம். உங்கள் மகளை நான்தானே கூட்டிவந்தேன், உங்கள் சம்சாரத்திடம்தானே விட்டேன் என்றார்.

"எனக்கு ஏதுடா இங்க சம்சாரம்?" என்று கேட்டாராம் அவர்.

அவர்தான் என் சொந்த அப்பா. ஆனால் போட்டாதாங்கில் ஓர் அப்பா ஏற்கெனவே இருந்ததால், எனக்கு அவர் ரொம்ப காலம் அலோன் அப்பாதான்.

அவர்கள் வந்தபோது நான் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சுரைக்காய் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நெட்டையாக, கறுப்பாக, வேட்டியில் மரத்தூளோடு ஒருவர் சந்துக்குள் நுழைந்தார். பின்னால் கப்பல் அண்ணன். நெட்டை ஆள் என்னைப் பார்த்தார். பர்மியச் சட்டை, கன்னத்தில் தனக்கா, முன்பல் இல்லாத வாய். கப்பல் அண்ணன், இதுதான் என்றார். அவர் தோள் துண்டை எடுத்து என் கன்னத்தை அழுத்தித் துடைத்தார். வலித்தது. நான் அலறிக்கொண்டு அம்மேயின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தேன். உள்ளேயிருந்து போட்டாதாங் அப்பா ஓடிவந்தார்.

பிறகு எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். பிள்ளைபிடிக்கிற கூட்டமா நீங்கள் என்று அலோன் அப்பா கேட்டார். இது என் பிள்ளை, இதோ இதன் அம்மாவுக்கு நான் காரியமே செய்துவிட்டேன் என்றார் மற்றவர். கடைக்கார பாய் இரண்டு பக்கமும் மொழிபெயர்க்க முயன்று, பாதியில் விட்டுவிட்டு, என்னால் வந்த வினை என்று நெற்றியில் கைவைத்துக்கொண்டார். கப்பல் அண்ணன் மாமாவின் பெயரையும் ஊரின் பெயரையும் மறுபடி மறுபடி சொன்னார். அந்த ஊர்ப் பெயர் காதில் விழுந்தபோதுதான் போட்டாதாங் அப்பா பேச்சை நிறுத்தினார். அது அவர் ஊர் இல்லை. பக்கத்து ஊர்கூட இல்லை.

அவர் என்னைப் பார்த்தார். மழித்த தலையில் அப்போதுதான் முடி முளைத்திருந்தது. தலையைத் தடவிக்கொண்டே, யாரிடம் கேட்கிறோம் என்று தெரியாமல் என் சொந்த அப்பாவிடமே கேட்டார்.

"அப்ப... அவ உசுரோட இருக்காளா?"

யாருக்குத் தெரியும்? அங்கே இருந்த மற்ற யாரும் அவர் பெண்டாட்டியைப் பார்த்ததுகூட இல்லை. அம்மே மட்டும் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். பாய் அவளிடம் மெதுவாக எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் அவள் பிடி தளர்ந்தது. உள்ளே போய்ச் சிவப்புக் குடையைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள். அம்மாவின் செம்பை எடுத்துக் கொடுக்க அவளுக்கும் தோன்றவில்லை, கேட்க எனக்கும் தோன்றவில்லை. அது அங்கேயே தங்கிவிட்டது. பிற்பாடு தேடியபோது கிடைக்கவில்லை.

அலோனில் அப்பாவின் அறை, மர ஆலைக்குப் பின்னால் இருந்தது. எங்கும் மரத்தூள். சோற்றில்கூட. அவர் கெட்டவர் இல்லை, இதை நீங்கள் நம்ப வேண்டும். பெண்பிள்ளைக்குத் தலைவாரத் தெரியாமல் சீப்பை வைத்துக்கொண்டு என் பின்னால் உட்கார்ந்து பெருமூச்சு விடுவார். நான் அவரை அப்பா என்று கூப்பிடவில்லை. சரியாகச் சாப்பிடவும் இல்லை. ஒருநாள் என் கையைப் பிடித்து ரோட்டுக்குக் கூட்டிவந்து, ஒரு மடத்து வாசலைக் காட்டினார். அங்கேயும் இரண்டு. ஒன்றுக்குத் தாடை உடைந்திருந்தது.

"நான் சொல்லிவிட்ட சிங்கம் இதுதான். இதை எப்படித் தவறவிட்டாங்கன்னே தெரியல" என்றார்.

அவர் ஆலைக்கும் அறைக்கும் நடுவிலேயே வருஷக்கணக்கில் நடந்தவர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நான் கேட்காமலே, என்னை டிராமில் ஏற்றிப் போட்டாதாங்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். வழியில் ஒரு வாசலில் இரண்டு சிங்கம் வந்தது. அப்பா திரும்பிப் பார்த்தார். இன்னும் கொஞ்ச தூரத்தில் மறுபடி இரண்டு. பிறகு இன்னொரு இடத்தில்.  டிராம் கம்பியைப் பிடித்திருந்த கையைப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் அவர் மடியில் சாய்ந்துகொண்டேன். அன்றைக்குத்தான் முதல்முறை.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் போனோம். நான் அம்மேயிடம் ஓடுவேன். அப்பா பாய் கடையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து சுருட்டுப் பிடிப்பார். சில வாரங்களில் முதுகு கொஞ்சம் திரும்பியது. தீபாவளி வருவதற்குள் அம்மே கொடுத்த பலகாரத்தைத் தின்று, உப்பு குறைவு என்று சொல்லும் அளவுக்கு வந்தார்.

போட்டாதாங் அப்பா அங்கே இல்லை. நான் போன மறுநாளே அம்மே அவரிடம் பேசிவிட்டாளாம், சில வாரங்களுக்குப் பிறகு முதல்முறையாக, நேராக. போ, இருக்கிறாளா என்று பார், இருந்தால் கூட்டிவா என்றாளாம். அவர் ஆவணியில் கப்பல் ஏறினார். மழை நின்றது. தெருவெல்லாம் விளக்கு வைத்துப் பண்டிகை கொண்டாடினார்கள். அவர் வரவில்லை. இனி வரமாட்டார் என்று பாய் சொன்னார். அம்மே மாவு கரைத்தாள். அவர் வரவேண்டும் என்று அவள் விரும்பினாளா, வரக்கூடாது என்று விரும்பினாளா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

குளிர் தொடங்கியபின் ஒரு ஞாயிறு நாங்கள் போனபோது, அடுப்பின் முன்னால் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி அம்மே. இன்னொருத்தி காதில் பெரிய துளையோடு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, சுரைக்காயை அம்மேயைவிட வேகமாக நறுக்கிக்கொண்டிருந்தாள். போட்டாதாங் அப்பா கொஞ்சம் தள்ளி, விறகு உடைத்துக்கொண்டிருந்தார். உடைத்ததையே மறுபடி உடைத்துக்கொண்டிருந்தார்.

அவள் உயிரோடுதான் இருந்திருக்கிறாள். அவர் ஊர்போய் நின்றபோது முதலில் அடையாளம் தெரியவில்லையாம். தெரிந்தபின் வீட்டுக்குள் விடவில்லை. திண்டாடிப்போய் அவர் நடந்ததையெல்லாம் சொல்லியிருக்கிறார், ஒன்றையும் மறைக்காமல். எள்ளும் தண்ணீரும் இறைத்தது உட்பட. அதற்கு அவள் சிரித்தாளாம். பிறகு கிளம்பினாள். ஏன் கிளம்பினாய் என்று பாய் கேட்டதற்கு அவள் சொன்ன பதிலை நான் என் காதால் கேட்டேன்.

"இவருக்காக வரல. என் பிள்ளைன்னு நெனச்சு ஒருத்தி சோறு போட்டாளாமே, அவ மூஞ்சியப் பாக்கணும்னு வந்தேன்."

பார்த்தாள், தங்கிவிட்டாள். இருவரும் சேர்ந்து பேசிக்கொள்ள ஒரு பாஷையும் இல்லை. சண்டை போடுவதற்கும் இல்லை. போர் வந்து அந்தத் தெருவில் குண்டு விழும்வரை அந்த அடுப்பில் இருவரும்தான் இருந்தார்கள். அவர் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். அப்போது இரண்டு பேரும் ஒரே மாதிரி அழுதார்கள் என்று பாய் சொன்னார். குண்டுக்குப் பிறகு நானும் எவ்வளவோ விசாரித்தேன். வடக்கே நடந்து போனார்கள் என்றார்கள் சிலர். இல்லை என்றார்கள் சிலர்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி. அவர்களோடு ஒரு பெண்ணும் வந்திருந்தாள். என் உயரம்தான். இரட்டைச் சடை, காலில் செருப்பில்லை. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மே எங்கள் இரண்டு பேரையும் தமீ என்று கூப்பிட்டு, ஆளுக்கொரு பலகாரம் கொடுத்தாள். நாங்கள் அதை எடுத்துக்கொண்டு மடத்து மதிலோரம் போய் நின்றோம். அவள் தின்னவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நீ வந்தப்ப அப்பா அழுதாராமே?"

ஆமாம் என்றேன்.

"என்னயப் பாத்து அழல" என்றாள்.

 அவர் அழுதது உன்னை நினைத்துத்தான் என்று இப்போதானால் சொல்வேன். அன்றைக்கு அது எனக்கே தெரியாது. எனக்காகத்தான் அழுதார் என்று நினைத்திருந்தேன்.  அவள், எப்படி அழுதார், காட்டு என்றாள்.

நான் பலகாரத்தை மதில்மேல் வைத்துவிட்டுக் குந்தி உட்கார்ந்தேன். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டேன். தோளைக் குலுக்கினேன். விரலிடுக்கு வழியாகப் பார்த்தபோது, அவள் குனிந்து, எதையும் விட்டுவிடக்கூடாது என்பதுபோல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையை எடுக்கப்போனேன். இன்னும் கொஞ்சம் என்றாள். மறுபடி மூடிக்கொண்டேன். கடைப் பக்கத்திலிருந்து அம்மே பாயிடம் எங்களைக் காட்டிச் சிரித்து ஏதோ சொன்னது கேட்டது. நாங்கள் அதற்குள் சிநேகமாகி, கண்ணாமூச்சி விளையாடுகிறோம் என்று நினைத்திருப்பாள்.